காப்பீட்டுப் பட்டியலில் அம்மாவுக்கு இடம் உண்டா?

கூட்டமைப்பு தொடங்கிய கதை, குழுக்கள் பெருகிய கதை, வங்கிக் கடன் இணைப்புக்கு நாம் அலைந்த கதை எல்லாவற்றையும் மற்ற சகோதரிகள் இந்த மலரில் எழுதுகிறார்கள். என்னிடம், "அக்கா, நீங்க யூனிட் பத்தி எழுதுங்க" என்றார்கள். வில்லாபுரத்தில் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கிற நம் யூனிட்டில் கணக்கு எழுதுகிறவள் நான். தைத்த துணிக்குக் கணக்கு இருக்கிறது, விளக்குத்தூண் கடைகளிலிருந்து வரவேண்டிய பாக்கிக்கும் கணக்கு இருக்கிறது. அதையெல்லாம் படித்து யாருக்கு என்ன லாபம்? அதனால் யூனிட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்த கதையை மட்டும் எழுதுகிறேன். புதிதாக யூனிட் தொடங்கப்போகிற குழுக்களுக்கு இது உதவும்.

முதலில் நம் குழுக்களின் உள்கடன் பதிவேட்டைப் பார்ப்போம். கடன் எதற்கு என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் ஜூன் மாதம் முழுக்கப் படிப்புச் செலவு, மற்ற மாதங்களில் திரும்பத் திரும்ப மருத்துவம், மருத்துவம், மருத்துவம். கர்ப்பப்பை எடுத்தது, மாமனாருக்கு மூச்சுத் திணறல், பிள்ளைக்கு டெங்கு, அம்மாவுக்குக் கண். குழுவில் கிடைக்காத மிச்சப் பணத்துக்குக் காதில் கிடந்தது போகும், அதுவும் பத்தாவிட்டால் கந்துவட்டி. சேமிப்பதற்கென்று சேர்ந்த குழுவில் சேமிப்பைத் தின்றது நோய்தான். இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை.

வில்லாபுரத்துக்காரர்களுக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். குடம் குடமாகத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. குழாய்த் தண்ணீருக்காகப் போராடிய நம் மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று கொல்லப்பட்டார். இந்த ஊரில் ஒரு பெண் பொதுக் காரியத்துக்காக வாயைத் திறந்தால் அந்தப் பெயரை நினைக்காமல் பேச முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளிக்கு உடம்பு முடியாமல் போனால் அந்தச் செலவை யார் பார்ப்பது என்ற கேள்வி நாம் கேட்டு வந்தது இல்லை. மதுரையில் ஹார்வி மில் என்று நாம் சொல்கிற மதுரா மில்ஸ் 1889-ல் தொடங்கிய கம்பெனி. அந்த மாதிரி ஆலைகள் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியும் உண்டு. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசியில், 1943-ல், பி.பி.அதார்கர் என்ற பேராசிரியரை நியமித்து ஆலைத் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு எப்படிச் செய்யலாம் என்று கேட்டார்கள். அடுத்த வருடமே அவர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948-ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரில் தொடங்கி, பிறகு மற்ற ஆலை ஊர்களுக்கும் வந்தது. தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றால் மதுரையில் தெரியாதவர் கிடையாது.

இந்தச் சட்டத்தில் நான் கவனித்தது என்னவென்றால், யார் உள்ளே யார் வெளியே என்ற கோடு தொடக்கத்தில் எங்கே இருந்தது, பிறகு எப்படி நகர்ந்தது என்பதுதான். தொடக்கத்தில் மின்சாரம் அல்லது இயந்திர சக்தி வைத்து ஓடுகிற, 20 பேருக்குக் குறையாத, வருடம் முழுக்க ஓடுகிற தொழிற்சாலைக்கு மட்டும். சம்பளம் மாதம் 400 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும்தான். மில்லில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் என்றால் மருந்து உண்டு, அதே காய்ச்சல் வீட்டில் மனைவிக்கு வந்தால் கிடையாது. குடும்பத்தையும் சேர்க்க 1958 வரை ஆனது. ஆறு வருடம்! அந்த ஆறு வருடத்தில் எத்தனை வீட்டில் ஒரே பாட்டில் மருந்தை இரண்டு பேர் குடித்தார்களோ.

கோடு மெதுவாக நகர்ந்தது. 1989 திருத்தத்தில் மின்சாரம் உபயோகிக்கிற இடங்களுக்கு 20 என்பது 10 ஆனது. 2010-ல் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று ஆனது. சம்பள வரம்பு ஏறி ஏறி 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய். ஆனால் 10 பேருக்குக் கீழே இருந்தவர்கள் அத்தனை காலமும் வெளியேதான். வீட்டுத் திண்ணையில் ஊதுபத்தி உருட்டியவர், அப்பளம் போட்டவர், துணியை வீட்டுக்கு வாங்கிப்போய்ப் பட்டன் வைத்தவர் ஒருவரும் அந்தக் கணக்கில் வரவில்லை. அதாவது நாம்.

கைத்தறி நெசவாளர்களுக்கு 2005 வாக்கில் மத்திய ஜவுளித் துறை தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. ஐசிஐசிஐ லாம்பார்டு கம்பெனி மூலமாக வருடம் 15,000 ரூபாய் வரை, வெளிநோயாளி வைத்தியமும் சேர்த்து. நல்ல திட்டம். அதில் குடும்பம் என்றால் நெசவாளர், துணை, இரண்டு பிள்ளைகள், ஆக நான்கு பேர். தறியடியில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுக்கிற வயதான அம்மா அந்த நான்கில் இல்லை.

கடையில் போய் வாங்குகிற மாதிரி மருத்துவக் காப்பீடு நம் நாட்டுக்கு வந்தது 1986-ல். மெடிக்ளெய்ம் என்ற பெயரில் அரசு இன்சூரன்ஸ் கம்பெனிகள் நான்கும் விற்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியாவும் அதில் ஒன்று. ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது அது. பிரசவச் செலவு அதில் கிடையாது. பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் காரணமே பிரசவம், அதை விட்டுவிட்டு ஒரு மருத்துவக் காப்பீடு என்றால் அதை எழுதியவர் யாரை நினைத்து எழுதியிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஏழைகளோடு வேலை செய்த சங்கங்கள் தாங்களே வழி தேடின. 1992-ல் இரண்டு இடத்தில் இது நடந்தது. ஒன்று நம் நீலகிரி கூடலூர். அங்கே ஆதிவாசி மக்களுக்காக வேலை செய்த அக்கார்டு அமைப்பும் அவர்களின் அஸ்வினி ஆஸ்பத்திரியும் சேர்ந்து, சங்க உறுப்பினர்களை ஒரே குழுவாகக் காட்டி நியூ இந்தியா கம்பெனியில் பாலிசி எடுத்தன. இன்னொன்று அகமதாபாத்தில் சேவா சங்கம். காய்கறி விற்கிற, பீடி சுற்றுகிற பெண்களின் சங்கம் அது. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவர்களிடம் காரணம் கேட்டால் நோய், சாவு என்றே பதில் வந்தது. நம் உள்கடன் பதிவேட்டில் இருப்பது அங்கேயும் இருந்திருக்கிறது. விமோ சேவா என்று அவர்கள் தொடங்கிய காப்பீடு 2009-ல் பெண்களே நடத்துகிற கூட்டுறவாகவும் பதிவானது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மதுரையில் தலைமையகம் வைத்திருக்கிற தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் குழுக்களை நமக்குத் தெரியும். அவர்களின் கடமலை களஞ்சிய வட்டார சங்கம், தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பக்கம், 2000 வாக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியை எதிர்பார்க்காமல் தங்களுக்குள்ளேயே பணம் போட்டு மருத்துவக் காப்பீட்டை நடத்த ஆரம்பித்தது. கிளெய்ம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள் குழுப் பெண்கள். யாருக்கு உண்மையாகவே ஆபரேஷன் நடந்தது என்பது தெருவில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? இதற்கு ஒரு பலமும் ஒரு பயமும் உண்டு. பலம், ஏமாற்ற முடியாது. பயம், ஒரே வருடத்தில் பத்துப் பேருக்குப் பெரிய நோய் வந்தால் பெட்டி காலியாகிவிடும்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2003-ல் மத்திய அரசு, அனைவருக்குமான மருத்துவக் காப்பீடு என்று ஒன்றை அறிவித்தது. தனி ஆளுக்கு நாளைக்கு ஒரு ரூபாய், வருடம் 365. ஐந்து பேர் குடும்பத்துக்கு 548. பெற்றோரையும் சேர்த்து ஏழு பேர் என்றால் 730. ஆஸ்பத்திரிச் செலவு 30,000 ரூபாய் வரை. 730 ரூபாயில் அப்பா அம்மாவையும் சேர்க்கலாம் என்று எழுதியிருந்ததே, அதுவரைக்கும் பாராட்ட வேண்டும். ஆனால் செலவை முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்குவது என்றால், முதலில் கட்டுவதற்குப் பணம் எங்கே?

அந்தக் குறையைத் தீர்த்தது 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு நான்கு வருடத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை, கையிலிருந்து கட்ட வேண்டாம். பிறகு 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், அதில் வருடத்துக்கே ஒரு லட்சம். 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைத்த பிறகு ஐந்து லட்சம் வரை. முன்பு 72,000 ரூபாயாக இருந்த வருட வருமான வரம்பு இப்போது 1,20,000. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸ் போனால் அட்டை கிடைக்கும். நம் கூட்டமைப்பில் இந்த அட்டை எடுக்காத உறுப்பினர் இருந்தால் இந்த மலரை மூடி வைத்துவிட்டு முதலில் அதை எடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சரி, ஐந்து லட்சத்துக்கு அரசாங்க அட்டை இருக்கும்போது யூனிட்டில் தனியாக எதற்குக் காப்பீடு? இதே கேள்வியை 2018-ல் மாதக் கூட்டத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் யூனிட்டிலேயே இருந்தது. முதலாவது, எல்லோருக்கும் அட்டை கிடைக்கவில்லை. ரேஷன் கார்டில் பெயர் மாறாமல் மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள், வீட்டில் ஒரு பையன் வேலைக்குப் போனதால் வரம்பைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். இரண்டாவது, அட்டையில் எந்தெந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்று பட்டியல் இருக்கிறது. பெரிய ஆபரேஷனுக்கு அருமையான திட்டம். ஆனால் நம் பெண்களைப் பிடித்து ஆட்டுகிற சின்ன நோய்களுக்கு, நான்கு நாள் காய்ச்சலுக்கு, வேலைக்கு வராத நாளின் கூலிக்கு அது பொறுப்பில்லை. மூன்றாவது காரணத்தை ஒரு வயதான தையல்காரம்மா சொன்னார்: "அது கவர்மெண்டு குடுக்கிறது. நான் இங்க எட்டு வருஷமா மிதிக்கிறேன். இந்த யூனிட் எனக்கு என்ன குடுக்குது?" அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

அப்போது யூனிட்டில் எட்டுப் பேர். 10 பேர் இல்லாததால் இ.எஸ்.ஐ. கிடையாது. ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனியில் குரூப் பாலிசி எடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். ஏழு பேரிலிருந்து குரூப் பாலிசி கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். காப்பீடு எடுப்பதற்கென்றே நான்கு பேரைச் சேர்த்து ஒரு குழு என்று காட்ட முடியாது. வேறு ஒரு காரணத்துக்காக ஏற்கெனவே சேர்ந்த குழுவாக இருக்க வேண்டும் என்று 2005-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. வேலை கொடுக்கிறவர், வேலை செய்கிறவர் என்ற உறவு அதற்குப் போதும். சுயஉதவிக் குழுவும் போதும். ஆனால் கம்பெனி கேட்கிற பிரீமியத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட உறுப்பினர்களிடம் கூட்டி வாங்கக் கூடாது.

மூன்று இடத்தில் விலை கேட்டோம். மூன்று தாளும் வந்தன. மூன்றிலும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தொகை இருந்தது. எங்கள் யூனிட் தலைவி முதல் பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார். அவர் எட்டாவது வரைக்கும் படித்தவர். சீட்டுக் கம்பெனியில் ஏமாந்த பல பேரைப் பார்த்தவர், அந்தப் புத்தி.

கடைசிப் பக்கத்திலிருந்து படித்தால் வேறு கதை தெரிந்தது. ஒரு தாளில் அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்தான். ஒரு லட்சத்துக்கு எடுத்தால் நாளைக்கு 1,000 ரூபாய் அறை. அதைவிடக் கூடின அறையில் படுத்தால் அறைக்கு மட்டுமல்ல, டாக்டர் பீஸ் முதற்கொண்டு மற்றச் செலவையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இன்னொரு தாளில் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருக்க வேண்டும் என்று இருந்தது. தனி ஆளாகப் பாலிசி எடுத்தால் அப்போது நான்கு வருடம் வரைகூடக் காத்திருக்க வைக்கலாம், இப்போது அது மூன்று வருடமாகக் குறைந்திருக்கிறது. குரூப் பாலிசியின் பெரிய சௌகரியமே கேட்டு வாங்கினால் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் சேர்த்துத் தருவார்கள் என்பதுதான். கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்குத் தானாகப் போட்டுத் தர மாட்டார்கள். பிரசவமும் அப்படித்தான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கினோம். நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிற நாற்பது வயதுப் பெண்கள் இருக்கிற இடத்தில் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

இதெல்லாம் முடிந்து கடைசியில்தான் பட்டியலுக்கு வந்தோம். யார் யார் பெயரைச் சேர்ப்பது என்ற பட்டியல். மூன்று கம்பெனித் தாளிலும் அச்சடித்தது மாதிரி ஒரே வரி: பணியாளர், கணவர் அல்லது மனைவி, இரண்டு குழந்தைகள்.

எட்டுப் பேரையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒருத்தி விதவை, அம்மாவோடு இருக்கிறாள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மா இரண்டு பேரும் அவள் சம்பளத்தில்தான். ஒருத்தியின் புருஷன் விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகிறது, சட்டப்படி இன்னும் கணவர், அவர் பெயரைச் சேர்க்க இடம் இருக்கிறது, கூட இருந்து பிள்ளையை வளர்க்கிற அம்மா பெயருக்கு இடம் இல்லை. இன்னொருத்திக்கு மூன்று பிள்ளை, எந்த இரண்டை எழுதுவது? அந்த வரிக்குச் சரியாகப் பொருந்திய குடும்பம் எட்டில் மூன்றுதான். இதை நான் கூட்டத்தில் வாசித்தபோது முதலில் சிரித்தார்கள். புருஷன் விட்டுப்போனவள்தான் ரொம்பச் சிரித்தாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பெற்றோரைச் சேர்த்தால் பிரீமியம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. வயதானவர்களுக்கு நோய் வரும், கம்பெனி கணக்குப் போடுவதில் தவறில்லை. ஆனால் நமக்கு வேலைக்கு ஆள் வராமல் போகிற காரணமே அந்த வயதானவர்கள்தான். அம்மாவை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பொண்ணு பத்து நாள் மிஷின் பக்கம் வர மாட்டாள். இரண்டு மாதம் வாதம் நடந்தது. பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள், "எங்களுக்கு வேண்டாத பெற்றோருக்கு நாங்க ஏன் கூடக் கட்டணும்?" என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. கடைசியில் செய்த ஏற்பாடு இது: ஒவ்வொருவருக்கும் யூனிட் கொடுப்பது ஒரே தொகை, அதில் யாரைச் சேர்ப்பது என்பது அவரவர் இஷ்டம், கூடுதல் பிரீமியத்தை மாதச் சம்பளத்தில் தவணையாகக் கழித்துக்கொள்வது. இதற்கு ஒத்துக்கொண்டது மூன்றில் ஒரே ஒரு கம்பெனி. அது விலையில் நடு. அதைத்தான் எடுத்தோம்.

முதல் வருடம் இரண்டு கிளெய்ம். ஒன்று சுமுகமாக நடந்தது. இன்னொன்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், பட்டியலில் பெயர் இருந்தும் முன்பணம் கட்டாமல் சேர்க்க மாட்டோம் என்று ராத்திரி பத்து மணிக்குச் சொன்னது. கூட்டமைப்பின் அவசர நிதியிலிருந்து கொடுத்துச் சேர்த்தோம், பணம் திரும்பி வர இரண்டரை மாதம். அந்தக் கிளெய்ம் ஒரு அம்மாவுக்கு.

அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது பிரீமியத்தை ஏற்றினார்கள். குரூப் பாலிசியின் குணம் அது. போன வருடம் எவ்வளவு வாங்கினாய் என்று பார்த்து இந்த வருட விலை சொல்வார்கள். சின்னக் குழுவில் ஒரு பெரிய ஆபரேஷன் போதும், விலை எகிறும். இதுவும் கவனத்தில் இருக்கட்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் தனி நபரும் குடும்பமும் எடுக்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது.

கொரோனா வந்தது. யூனிட்டைப் பூட்டினோம். 2020 ஏப்ரல் 15 அன்று உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில், திரும்ப வேலை தொடங்குகிற இடங்களில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று ஒரு வரி இருந்தது. அன்றைக்குப் பல முதலாளிகள் காப்பீடு தேடி ஓடினார்கள். நாங்கள் அந்த ஒரு விஷயத்தில் ஓட வேண்டியிருக்கவில்லை. முகக்கவசம் தைத்துக் கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஆர்டர் கூடியது, ஆட்களும் கூடினார்கள். 2022-ல் பன்னிரண்டு பேர் ஆனோம். பத்தைத் தாண்டியாயிற்று, இனி இ.எஸ்.ஐ. நம் விருப்பம் இல்லை, சட்டம். நம் மாதிரிச் சின்ன யூனிட்டுகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

கணக்கு இப்படி: 2019 ஜூலை முதல் வேலை கொடுப்பவர் சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். மாதம் 8,500 ரூபாய் வாங்குகிறவருக்கு யூனிட் பங்கு ஏறத்தாழ 276 ரூபாய், அவர் பங்கு 64 ரூபாய். பன்னிரண்டு பேருக்கு யூனிட் மாதம் 3,300 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஒரு நைட்டியில் எல்லாம் போக நமக்கு நிற்பது ஐந்து ரூபாய். அப்படியென்றால் மாதம் 660 நைட்டிக்கு மேல் இ.எஸ்.ஐ.க்கே தைக்க வேண்டும்.

துணி கொடுக்கிற ஒரு வியாபாரி யோசனை சொன்னார். மூன்று பேரை "வீட்டிலிருந்து தைக்கிறவர்கள்" என்று எழுதிவிடுங்கள், பதிவேட்டில் ஒன்பது பேர், ஒரு தொல்லையும் இல்லை, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். எல்லாரும் செய்வது உண்மைதான். மாதக் கூட்டத்தில் இதை வைத்தோம். சிலர் தலையாட்டினார்கள், மாதம் 3,300 சின்னத் தொகையா? அப்போது தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மூணு பேரு யாரு? பேரைச் சொல்லுங்க." யாரும் ஒரு பெயரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் பெயரை எப்படிச் சொல்வது? தீர்மானம் நிறைவேறியது, பன்னிரண்டு பேரையும் பதிவு செய்தோம்.

இ.எஸ்.ஐ.யில் எல்லாம் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். வில்லாபுரத்திலிருந்து தத்தனேரிக்கு பெரியார் போய் பஸ் மாறணும். காலையில் போனால் மத்தியானம் ஆகும், பீஸ் ரேட்டில் தைக்கிறவளுக்கு அரை நாள் போச்சு. ஆனால் குரூப் பாலிசியில் இல்லாத இரண்டு விஷயம் அதில் உண்டு. ஒன்று, நோய்க்கு விடுப்பு எடுத்தால் கூலி. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். எந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டும் எங்களிடம் இப்படி ஒன்றைக் காட்டவில்லை. இரண்டாவது, வருமானம் இல்லாத பெற்றோர் அதில் குடும்பம். கூடுதல் பிரீமியம் கிடையாது. விதவைப் பெண்ணின் அம்மாவும் கல்யாணம் ஆகாதவளின் அப்பா அம்மாவும் எந்த வாதமும் இல்லாமல் உள்ளே வந்தார்கள். மூன்று பிள்ளைக்காரியின் மூன்று பிள்ளைகளும்தான்.

குரூப் பாலிசியை என்ன செய்வது என்று அடுத்த கேள்வி. இரண்டும் வைத்துக்கொள்ள யூனிட்டுக்கு வசதி இல்லை, நிறுத்திவிட்டோம். நிறுத்துவதற்கு முன்னால், விருப்பப்பட்டவர்கள் அதே கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டு, இரண்டு பேர் மாறினார்கள். வேலையை விட்டால் குரூப் பாலிசியும் இ.எஸ்.ஐ.யும் நின்றுவிடும். அதனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை யாரும் விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே சொல்லி வைத்தோம். எட்டு, ஒன்பது பேர் இருக்கிற யூனிட்டுகளுக்கு இன்றைக்கும் என் யோசனை, அரசாங்க அட்டையை அடித்தளமாக வைத்து, மேலே சின்னதாக ஒரு குரூப் பாலிசி எடுங்கள் என்பதுதான்.

இ.எஸ்.ஐ. பதிவிலும் ஒரு பெயர் மட்டும் வெளியே நின்றது. எங்கள் ஓவர்லாக் மிஷின்காரி, புருஷன் இறந்த பிறகும் மாமியாரைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். பெற்றோர் என்றால் சட்டத்தில் அவளைப் பெற்றவர்கள். அவர்கள் இல்லை. இருக்கிறவர் மாமியார், அவருக்கு இடம் இல்லை.

2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது அதற்குள் அடங்கிவிட்டது. அதில் குடும்பம் என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில், பெண் தொழிலாளியைச் சார்ந்திருக்கிற மாமனார் மாமியாரும் சேர்ந்திருக்கிறார்கள். மலர் வேலை முடிந்ததும் அந்த அம்மாவின் ஆதார் நகலையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆபீஸ் போக வேண்டும். பெயரை எப்போது, எப்படிச் சேர்ப்பார்கள் என்று கேட்டு வந்து அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்கிறேன்.